பொட்டு வைக்காத இருபது வாள்

ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பக்கம் சன்ஷைன்ங்கற பேட்டைல கெவின்னு ஒருத்தன் பட்டறை வச்சிருந்தான். அந்தக் காலத்து ஐரோப்பாவுல குதிரைவீரனுங்க வச்சிருந்த வாளு மாதிரியே செஞ்சு, குடிக்கற பாருக்கெல்லாம் சுவத்துல மாட்டறதுக்கு விப்பான். அங்க பாலிஷ் போடறது நம்ம வைதேகி. பி.ஏ. படிச்சவ, இங்க யாரு அத மதிச்சா? புருஷன் வரதராஜன் ஆறு மாசமா வீட்ல உக்காந்து வேலைக்கு லெட்டர் எழுதிட்டிருந்தான். அடுப்பெரியறது இவ சம்பளத்துலதான்.

எழுபத்தெட்டு அக்டோபர், ஆயுத பூஜை. காலைல சீக்கிரமே போயி அரம், சுத்தியல், பாலிஷ் மெஷின் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சிட்டா. மாதிரிக்குன்னு இரவல் வாங்கியிருந்த அறுநூறு வருஷத்து அசல் வாளுக்கும் எண்ணெய் தடவி ஒரு பொட்டு. செஞ்சு அடுக்கின இருபது நகலுக்கு மட்டும் ஒண்ணுமில்ல.

கெவின் வந்தான். மூஞ்சி குங்குமத்தவிடச் செவந்துபோச்சு.

"இருபதையும் வாங்க பார்க்காரன் பத்து மணிக்கு வர்றான். பொட்டத் தொடைச்சிட்டு மெஷினப் போட்டு கடைசி பாலிஷ் குடு!"

"பூஜை போட்டா இன்னிக்கு முழுக்க அதுங்களுக்கு லீவு, மிஸ்டர் கெவின். நாளைக்குக் காலைலதான் எடுப்பேன்."

"வேலை போயிடும், வைதேகி."

"போகட்டும்."

கையக் கட்டிக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டா.

பார்க்காரன் வந்ததும் அசல் வாளக் காட்டி, "இதுல மட்டும் ஏன் செவப்பு?"ன்னு கேட்டான். கெவின் வாயத் தொறக்காதேன்னு கண்ணக் காட்டறான். நகலும் அசலும் ஒண்ணேதான்னு அவன்கிட்ட அளந்து விட்டிருந்தானே!

வைதேகி எந்திரிச்சா. "ரெண்டையும் தூக்கிப் பாருங்க. இது நுனிக்குப் போகப் போக மெலிசு, எடையே தெரியாது. வெட்டப் பொறந்தது. அது முழுக்க ஒரே தடிமன், கடப்பாரை. ஆயுதத்துக்குத்தான் பொட்டு. சுவத்துல தொங்கற சாமானுக்கு எதுக்கு?"

தூக்கிப் பாத்தவன் கடகடன்னு சிரிச்சான். "குடிகாரனுங்க நடுவுல மாட்டப் போறேன், வெட்டாததே நல்லது. இருபதும் குடு!"

அவன் போனதும் கெவின் சொன்னான்: "வித்துப்போச்சுன்னு தப்பிச்சேன்னு நினைக்காத. நாளைலேர்ந்து வராத."

"வருவேன். பொட்டு வச்சவதான் எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் அதுங்கள வேலைக்கு எடுக்கக் கூடாது."

மறுநாள் போய்ப் பாத்தா, ஒரு அரம்கூட நகரல. இவ கெவின் காலப் புடிச்சுக் கெஞ்சித்தான் வேலை தங்குச்சுன்னு வரதராஜன் ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறான். அவன் எங்க பாத்தான், வீட்ல தூங்கிட்டிருந்தவன்? வைதேகி பொட்ட ஒவ்வொண்ணா தொடைச்சு, மெஷினப் போட்டு, திரும்பிக்கூடப் பாக்காம, "அடுத்த வாள் எங்க?"ன்னுதான் கேட்டா.

கெவினே தூக்கிட்டு வந்து வச்சான்.