கவுஞ்சி வேலுச்சாமியின் ஒன்றரைச் சுற்று

மாசி பிறந்த நான்காம் நாள் காலை, பூண்டு மூட்டை ஏற்றி மலைப்பாதையில் இறங்கிவரும் குதிரைக்காரர் ஒருவர் பழனி அடிவாரத்தில் எங்கள் பஞ்சாமிர்தக் கடை வாசலில் வந்து நின்றார். "கவுஞ்சி வேலுச்சாமி போயிட்டாருங்க. முந்தாநேத்து. நெஞ்சுச்சளி முத்திப்போச்சு. உங்களுக்குச் சொல்லிவிடச் சொன்னாங்க" என்றார். நான் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அப்படியே உரித்துக்கொண்டே இருந்தேன். என் சம்சாரம் வந்து கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினேன்.

காலமானவரைப் பன்மையில் எழுதுவதுதான் முறை. எழுதுகிறேன். ஆனால் ஒரே வயதுக்காரர்களான நாங்கள் பதினைந்து வருஷமாக ஒருவரை ஒருவர் "ஏலே" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதெல்லாம் வேறு யாரையோ பற்றியது போல் எனக்கே தோன்றும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில், பழனியில் சிலம்பமும் குத்துவரிசையும் ஆடுகிற எங்கள் கூட்டத்தில் அவர் வந்து சேர்ந்தார். பூண்டு கொண்டுவருவார், நான்கு நாள் தங்குவார், ஆடுவார், மலையேறிவிடுவார். நாங்கள் கம்பு சுற்றுவோம். அவருக்கோ எகிறி உதைப்பதில்தான் கிறுக்கு. ஓடிவந்து எகிறி, அந்தரத்திலேயே ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட தென்னை மட்டையை வலது காலால் உதைத்துவிட்டு, இரண்டு காலையும் ஊன்றி அசையாமல் நிற்கவேண்டும். எங்களில் ஒருவராலும் ஒரு சுற்றுக்குமேல் முடிந்ததில்லை. "மனுசன் செய்யிற காரியமாலே இது?" என்று கேட்டேன். "செஞ்சுட்டா மனுசன் செய்யிறதுதான்" என்றார்.

பழகுவதற்கு மலைமேல் இருக்கும் அவருடைய ஊரான கவுஞ்சிதான் தோது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். பூண்டு பிடுங்கிய வயலில் மண் பொலபொலவென்று கிடக்கும்; விழுந்தாலும் எலும்பு உடையாது. மேல் வயலில் ஓடிவந்து வரப்பில் உந்தி எகிறுவார், சுற்றுவார், உதைப்பார், இடுப்பளவு கீழே இருக்கும் அடுத்த வயலில் வந்து நிற்பார். பார்த்துச் சொல்வது என் வேலை. தன் சுற்றைத் தானே பார்க்க யாராலும் முடியாதல்லவா? அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை நான் மலையேறினேன். மூன்றாம் வருஷம் சுற்று முழுசாக வந்தது. பத்துக்கு ஒன்பது தடவை நின்றார். நாங்கள் இரண்டு பேரும் வயலில் புரண்டு சிரித்தோம்.

அந்தப் பங்குனி உத்திரத்தன்று காவடிகளுக்கு முன்னால் தெருவில் ஆடினோம். மட்டையைக் கழியில் கட்டிப் பிடித்திருந்தவன் நான்தான். எகிறினார். சுற்றினார். சுற்று முடிவதற்குள் கீழே விழுந்தார். கால் மடங்கியது. "மேலயிருந்து விழுகத்தான் வந்தியாக்கும்!" என்று யாரோ கத்த, தெருவே சிரித்தது. தூக்கிக்கொண்டுபோய் எங்கள் கடைக்குள் உட்கார வைத்தேன். மடங்கிய காலை நீவிக்கொண்டே, "தரை வெள்ளனே வந்துருச்சுடா" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷமும் மேலேயிருந்து கீழே குதித்தே பழகியிருக்கிறோம்! அந்த இடுப்பளவு பள்ளம் கொடுத்த கூடுதல் நேரத்தில்தான் கடைசிக் கால் சுற்று ஒளிந்திருந்திருக்கிறது. சமதரையில் அந்த நேரம் கிடையாது. சாய்வும் படியுமாகக் கிடக்கிற ஊர்க்காரர் அவர், அவருக்குத்தான் தோன்றவில்லை. நாளெல்லாம் சமதரையில் நிற்கிற மடையன் எனக்காவது தோன்றியிருக்கவேண்டாமா?

ஊருக்குப் போனவர் இரண்டு வயல்களை ஒன்றாக வெட்டிச் சமப்படுத்தினார். "பூண்டு போடுற எடத்துல ஆட்டமாடா?" என்று அண்ணன் சண்டைக்கு வந்தார். அந்த வருஷமே உலை தனித்தனியானது. கல்யாணப் பேச்சும் அத்தோடு நின்றது. கிறுக்கனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அதன்பின் ஒற்றைக் குடிசையில் அவரும், மரக்கிளையில் தொங்கும் ஒரு மட்டையும்தான். எனக்குக் கல்யாணமாகி, கடையும் கைக்கு வந்துவிட்டது. மலையேறுவது குறைந்து, பிறகு நின்றேபோனது. கூப்பிட்டார், போகவில்லை.

போகாத எனக்கு மாதம் ஒரு தபால் அட்டை வந்தது. "தரையிலயே திரும்பிடுறேன், அதான் தப்பு. முதல்ல மேல போகணும், அப்புறந்தான் சுத்தணும்" என்று ஒன்று. "கையை விரிச்சா மெதுவாச் சுத்துது. நெஞ்சோட அணைச்சா வெரசாச் சுத்துது" என்று இன்னொன்று. "தலை முதல்ல திரும்பி மட்டையைப் பார்த்துடணும். ஒடம்பு தானா வருது" என்று ஒன்று. அநேகமாக எல்லா அட்டையும் ஒரே மாதிரிதான் முடியும்: "இன்னும் அரைக்கால் சுத்து பாக்கி." ஒரு மாதம் "நாலு விரக்கடை பாக்கி" என்றிருந்தது. அதற்கடுத்த மாதமே "போன தடவை தப்பா எழுதிட்டேன், ஆறு விரக்கடை" என்று திருத்தி எழுதியிருந்தார். பார்க்க ஆளில்லாத இடத்தில் எதற்கு இத்தனை கணக்கு என்று நான் சிரித்தேன். முதலில் பதில் போட்டேன். பிறகு அதையும் விட்டேன்.

இந்தத் தைப்பூசத்தன்று அவரே கடைக்கு வந்துவிட்டார். இளைத்திருந்தார். இருமினார். "முழுசா வந்துருச்சுடா. சமதரையில. வந்து பாரு, ஒரு நிமிசந்தான்" என்றார். கடை வாசலில் மொட்டைத்தலைகளின் நெரிசல். "ஏலே, பூசக் கூட்டம் தெரியலையா? முடியட்டும், நானே அங்க வாரேன்" என்றேன். வெல்ல மூட்டை ஓரமாக மத்தியானம் வரைக்கும் நின்றார். ஒரு காப்பி குடித்தார். "சரி, நீ சோலியப் பாரு" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அந்த இடத்தில் அவர் இல்லை.

அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். குதிரைக்காரர்தான் வந்தார்.

நான் கவுஞ்சி போய்ச் சேர்ந்தபோது எரித்து, பால் தெளித்து, எல்லாம் முடிந்திருந்தது. அவருடைய அண்ணன் அந்தச் சமவயல் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். பத்து வருஷத்துக்கு மேலாகத் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசாதவர். என்னைப் பார்த்ததும் எழுந்து, "தம்பி, பூசத்துக்கு ஒங்ககிட்டக் காட்டத்தான் அவன் வந்தானாம். காட்டுனானா? நெசமா வந்துச்சா அது? நான் ஒரு நாளும் நின்னு பார்க்கலைங்க" என்று கேட்டார்.

"காட்டினாருண்ணே. முழுசா வந்துச்சு. அசையாம நின்னாரு" என்றேன்.

தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வயலைப் பார்த்தார். "இனி இதுல பூண்டு போடலைங்க. அப்படியே கெடக்கட்டும்" என்றார்.

அண்ணே, யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். நான் சொன்னது பொய். அவர் காட்ட வந்தார், நான் பார்க்கவில்லை. ஆனால் நான்கு விரல் என்று எழுதியதை ஆறு விரல் என்று திருத்திய மனுஷர், முழுசாக வந்துவிட்டது என்று வாயால் சொன்னார். வந்திருக்கும். வயலை அப்படியே போட்டுவைப்பதும் உழுவதும் இனி உங்கள் இஷ்டம்.

ஏலே வேலுச்சாமி, நீ கேட்டது ஒரு நிமிஷம். அதைக்கூட நான் தரவில்லை. போய் வாடா.