சுருக்கிய படம்

1997 ஆகஸ்ட் 12, செவ்வாய். எட்டு மணிக்குத் திசுப் பரிசோதனைக் கூடத்தைத் திறந்து, முந்தைய நாள் நுண்ணோக்கிப் படங்களுக்கு எண்ணிட்டுக் கணினியில் சேர்த்தேன். பத்தரைக்குப் பிறை என்னும் ஊரிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர், மனைவியின் பரிசோதனை முடிவைக் கேட்டு வந்தார். நரைத்த மீசை, பருத்த உடல். நாற்காலியில் எண்ணெய்க் கறை படியாமலிருக்கத் தம் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

அவர் மனைவியின் மார்புக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த திசு ஒரே கண்ணாடித் தகட்டில் இருந்தது. கோலாலம்பூர் மருத்துவருக்கு அனுப்பியபோது அது வழியில் உடைந்துவிட்டது. மிஞ்சிய கணினிப் படத்தைத் திறந்தேன். உயிரணுக்கள் தெரியவில்லை, வெறும் கட்டங்கள்.

கணினி வட்டுச் செலவைக் குறைக்கப் படங்களையெல்லாம் சுருக்கி, அசலை அழித்தவன் நான். அதற்குப் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

“கம்ப்யூட்டர் கோளாறு, அண்ணே,” என்றேன்.

“அப்ப மறுபடியும் குத்தணுமா சார்? ஊசின்னாலே அவ அழுவா லா.”

“ஆமாம்.”

“மெஷின் செஞ்சதுக்கு நீங்க ஏன் சார் மூஞ்ச இப்படி வெச்சிருக்கீங்க? மொத ஊசி எனக்குத்தான்னு சொல்லி, அவள சிரிக்க வெச்சிக் கூட்டியாந்துர்றேன்.”

எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் எட்டு மணிக்கு, வேறெதையும் தொடாமல், அவர் வீட்டுக்குத் தொலைபேசினேன். எடுத்தவர் அவர் மனைவி. படத்தைக் கெடுத்தது கணினியல்ல, நான் என்று அவரிடமே சொன்னேன்.