கரையில் நின்ற நாணல்

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகும் வழியில், ஆற்றை ஒட்டி எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. கரையில் புதராக நின்ற நாணலில் பாம்பு அடையும் என்று பயந்து, ஜேசிபி வைத்து வேரோடு வழித்தெடுக்கச் சொன்னவள் நான்தான். கரை சுத்தமானதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், எங்கள் பக்கம் நல்ல வெயில். மலையில் மட்டும் கறுத்துக் கிடந்தது. திடீரென்று ஆற்றில் கலங்கல் தண்ணீர் இரைந்து வந்தது. கரையோரம் இருந்த மோட்டாரைக் கழற்ற என் வீட்டுக்காரர் ஓடினார். அவருக்குப் பின்னால், கோடு கிழித்தாற்போல் தரையில் ஒரு வெடிப்பு ஓடுவதைப் பார்த்தேன்.

"மோட்டார் கெடக்கட்டும், இங்கிட்டு வாங்க!"

"செத்த நேரம் இரு, வாரேன்."

"கரை பொளக்குதுங்க!"

நான் கத்திய கத்தலில் திரும்பியவர் ஒரே தாவாகத் தாவி வந்துவிட்டார். அவர் நின்ற இடம் மோட்டாரோடு தண்ணீருக்குள் சரிந்தது. பக்கத்துத் தோப்புக் கரையிலோ நாணல் வெள்ளத்தில் படுத்துக் கிடந்ததே தவிர, மண் ஒரு பிடி போகவில்லை.

அங்கிருந்தே தூர் பெயர்த்து வந்து நட்டோம். இப்போது இடுப்பளவு நிற்கிறது. ஆனாலும் மலை கறுத்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. போய்க் கரையில் வெடிப்புத் தேடுகிறேன். போன வாரம் நாணலுக்குள் ஒரு சாரை நுழைந்தது. வீட்டுக்காரர் கம்பை எடுத்தார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க கரையை விட்டுத் தள்ளி நில்லுங்க" என்றேன்.