பதினெட்டு இடது கைகள்

தெருவில் அவளுக்குத் தையலக்கா என்றுதான் பெயர். பள்ளிச் சீருடை தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அளவு நாடா சும்மா கழுத்தில் கிடக்கும். பிள்ளையைக் கண்ணால் பார்த்தே தோளளவு சொல்லிவிடுவாள். ஆறு வருடத்துக்கு முன் அவளுக்கு மனம் பேதலித்து, ஆளில்லாத அறையில் குரல்கள் கேட்டன. மருந்தில் தேறினாள். தினம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை. கல்யாணம், கடை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான்.

இப்போது வயிற்றில் ஐந்து மாதம். மாத்திரையைத் தொடரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. ஆனால் புத்தி சொல்ல ஆளுக்கா பஞ்சம்? கணவனின் அக்கா ஒருநாள் வந்து, வாஞ்சையாகத் தலையைக் கோதியபடி சொன்னாள்.

"நீ முழுங்குறது உள்ள இருக்கிற பச்ச மண்ணுக்கும்தானே போகுது? பிள்ள பொறக்குற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துடேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். நல்ல மனசுக்காரர்கள் பண்ணுகிற வேலையைக் கெட்டவர்கள்கூடப் பண்ணமாட்டார்கள், போங்கள்.

அன்றோடு மாத்திரை நின்றது. கணவனுக்குக்கூடத் தெரியாது. மூன்றாவது வாரம் உலகமே மெத்தென்று ஆகிவிட்டது. மேசையில் விரித்த நீலத்துணி மூச்சு விடுவதுபோல் மெல்ல ஏறி இறங்கியது. தூக்கமே வேண்டியிருக்கவில்லை. ஓடும் மிஷினின் சத்தத்துக்குள்ளிருந்து யாரோ அவளைக் கண்ணு என்று கூப்பிட்டார்கள். தை, இன்னும் தை என்றார்கள். பயமாக இல்லை, இதமாக இருந்தது. அதுதான் கொடுமை.

ஒரு மதியம், தைத்துவைத்த சட்டைக் கைகளை ஜோடி சேர்க்க உட்கார்ந்தாள். பதினெட்டுக் கைகள். பதினெட்டும் இடது கை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவள்கூட இப்படித் தைக்கமாட்டாள். துணி போனால் வேறு துணி வெட்டலாம். நாளைக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது இந்தக் குரல் வேறு எதையாவது செய்யச் சொன்னால்?

பஸ் டிப்போவில் மெக்கானிக்கான கணவனுக்குப் போன் போட்டாள். கிரீஸ் கையோடு ஓடிவந்தான்.

டாக்டரம்மா திட்டவில்லை. "ஆபத்தே இல்லன்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா நீ சாப்பிடுற மருந்த எத்தனையோ தாய்மார் சாப்பிட்டிருக்காங்க, அதனால பிள்ளைக்கு ஊனம் வரும்னு தெளிவா தெரியல. நோய் திரும்புனா உங்க ரெண்டு பேருக்கும் ஆபத்து. இந்த மருந்துல சர்க்கரை ஏறலாம், அத அடிக்கடி பார்த்துக்குவோம். நீயா எதையும் நிறுத்தாத."

"பால் குடுக்கலாமா டாக்டர்?"

"இந்த மருந்துன்னா குடுக்கலாம். பால்ல கொஞ்சம்தான் போகும். பிள்ள ரொம்பத் தூங்குதா, சரியா குடிக்குதான்னு மட்டும் பார்க்கணும்."

மறுபடியும் மாத்திரை. குரல்கள் ஒவ்வொன்றாகத் தூரம் போயின.

பெண் பிறந்தது. முதல் நாள் முழுக்கத் தூங்கியது. மார்பில் போட்டால் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். நர்ஸ் மணிக்கொருதரம் வந்து பார்த்தார். என் மருந்துதான், என் மருந்துதான் என்று மருகியபடி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தாள் தையலக்கா.

மறுநாள் காலை. ஜன்னலில் வெயில் ஏறும் நேரம், அரைத்தூக்கத்தில் ஓர் அழுகை கேட்டது. கண்ணைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"என்னங்க, உங்களுக்குக் கேக்குதா?"

"எனக்கா? ஆஸ்பத்திரிக்கே கேக்குது," என்றான் கணவன். "எழுந்து பாலக் குடு."