ஆறு பேர் சஹனில் முத்தலிப்

றோல்ஸைச் சரிபாதியாகப் பிய்த்து ஒரு பாதியைத் தின்று முடித்துவிட்டார். மற்றப் பாதி தட்டில் கிடக்கிறது. முத்தலிப் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தேநீர்க் கடைக்காரர், ஏதும் பூச்சி கிடக்கிறதோ என்ற பயத்தில், மேசைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“என்ன காக்கா, பழசா?” என்று நானும் கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் மூத்த ஆண்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“சீச்சீ, நல்ல றோல்ஸ். வயிறு மத்தப் பாதியையும் கேக்குதா இல்லையா எண்டு பாத்துக்கிட்டு இரிக்கன். கேட்டாக் குடுக்கிற. கேக்காட்டி பஸ்லியாக்குக் கொண்டு போற.”

அன்று வயிறு கேட்கவில்லை போலும். பாதி றோல்ஸைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினார். பஸ்லியா அவருடைய மனைவி. கணவர் உடம்பு குறைத்த கதையில் தனக்குக் கிடைத்த லாபம் இந்த அரை றோல்ஸ்கள்தான் என்று சொல்லிச் சிரிப்பவர்.

கல்முனைப் பஸாருக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் முத்தலிபின் குஷன் கடை இருக்கிறது. ஆட்டோக்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இருக்கை தைத்துக் கொடுப்பார். கடைக்குள் நுழைந்தால் பசையும் புது றெக்ஸினும் கலந்த வாடை மூக்கில் ஏறும். பிய்ந்த இருக்கை ஒன்று வந்தால் முதலில் அதைத் தைக்கமாட்டார். ஏறி உட்கார்ந்து பார்ப்பார். “இவன் இடப்பக்கம் சரிஞ்சுதான் ஓட்டுற” என்பார். சரிதானா என்று நான் இதுவரை எந்த ஓட்டுநரிடமும் விசாரித்ததில்லை. சொல்லுகிற தோரணையில் நம்பிவிடத் தோன்றும்.

முன்பு அவரே பெரிய ஆள். தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் அவர் புகுந்துவிட்டால் அந்தப் பக்கம் காற்றுக்கூடப் போகாது. பிறகு சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தது. கண் மங்கியபோதுதான் மனிதர் பயந்தார். சோற்றை நிறுத்தினார். தனக்கென்று ஒரு சின்னக் கோப்பை வாங்கினார். அதில் கேழ்வரகு மாவில் அவித்த குரக்கன் பிட்டும் கீரையும் மீனும். விடியச் சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரை மணலில் நடை. கலியாண வீடுகளுக்குப் போனால் வாசலில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு வருடத்தில் பாதி ஆளாகிப் போனார். எனக்கும் தொப்பை உண்டு. ஆகவே நான் அவரைக் கவனித்ததில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருந்தது.

“குறைக்கிறது லேசி, தம்பி. கூடாது எண்டாக் கூடாது. நோன்பு மாதிரி. ஆரும் வந்து வற்புறுத்தவும் மாட்டாங்க. இப்பதான் கரைச்சல்” என்றார்.

கரைச்சல் தொடங்கியது கிளினிக்கில். சுஜித்தா டொக்டர் அவரை நிறுத்துப் பார்த்துவிட்டு, “காணும் நாநா. இனிக் குறையவும் வேணாம், கூடவும் வேணாம். இப்பிடியே வச்சிருங்க” என்றிருக்கிறார். எப்படி வைத்திருப்பது என்று கேட்டதற்கு, “எல்லாம் சாப்பிடுங்க. அளவாச் சாப்பிடுங்க” என்று பதில் வந்தது. அந்த அளவு என்ற சொல் முத்தலிபைப் பிடித்துக்கொண்டது. “றெக்ஸினை டேப்பால அளக்கலாம். வயித்தை எதால அளக்கிற?” என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்டுத் திரிந்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. அரை றோல்ஸ் ஆராய்ச்சி அதற்குப் பிறகு வந்ததுதான்.

உடம்பை நிறுக்க அவருக்கு ஓரிடம் இருந்தது. மீராமுகைதீனின் நெல்லுக் கடைத் தராசு. மீராமுகைதீன் அவருடைய சின்ன வயதுக் கூட்டாளி. சவளக்கடைப் பக்கம் வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறார். ஒல்லியான உடம்பு, இரண்டு ஆள் தீன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தால் நெல்லு மூடையை இறக்கிவிட்டு அதே தராசில் முத்தலிபை ஏற்றுவார். முள் நிற்குமுன்னே, “இந்தா, இன்னொரு மரைக்கால் நெல்லு கொட்டுப்பட்டுட்டு!” என்று கடைத்தெரு முழுவதும் கேட்கக் கத்துவார். மெலிந்தவர் முத்தலிப். பெருமை முழுவதும் மீராமுகைதீனுக்கு. குறைந்த கிலோவையெல்லாம் தானே அறுவடை செய்தது போலப் பேசுவார்.

இனிக் குறைக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னதற்கு அடுத்த மாதம் மீராமுகைதீனின் மகள் ஹப்ஸாவுக்குக் கலியாணம். ஒரு வருடத்துக்குப் பிறகு முத்தலிப் விருந்தில் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் விருந்தென்றால் சஹன். பாயில் ஆறு பேர் வட்டமாக உட்கார, நடுவில் பெரிய தட்டம் வரும். நெய்ச்சோறு, அதன்மேல் மாட்டிறைச்சி, கோழிப் பொரியல், கத்தரிக்காய். ஆறு பேரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்க வேண்டும். ஒருவர் விரலைச் சூப்பிக் கையை எடுத்துவிட்டால், மற்றவர்களுக்குப் பசி இருந்தாலும் மரியாதைக்குக் கையை எடுத்துவிடுவார்கள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இருந்த சஹனில்தான் முத்தலிபை உட்காரவைத்தார் மீராமுகைதீன். அது கூட்டாளிக்குச் செய்த கௌரவம். முத்தலிப் தன் அளவைத் தின்றார். வயிற்றைக் கேட்டுப் பார்த்தார். அது போதும் என்றது. விரலைச் சூப்பிவிட்டுக் கையை எடுத்தார். பக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் பெரியவாப்பா ஒரு கணம் திகைத்துவிட்டுத் தானும் எடுத்தார். பிறகு மற்ற நால்வரும். இறைச்சி குவிந்தபடி, சோறு முக்கால்வாசி மிஞ்சியபடி, அந்தச் சஹன் பந்தலுக்குள்ளே எல்லோர் கண் முன்னாலும் சமையல் பக்கம் திரும்பிப் போனது. இறைச்சி பழுதாம் என்று பந்தலின் கோடியில் ஒரு குசுகுசுப்புக் கிளம்பியது. அடுத்த சஹன்களிலும் ஆட்கள் இறைச்சியை முகர்ந்து பார்த்தார்கள். நானும் முகர்ந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இறைச்சிக்கு ஒரு குறையும் இல்லை.

விருந்தாளிகள் போன பிறகு மீராமுகைதீன் முத்தலிபிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

“உன்ட உடம்பைக் குறைச்சது காணாதெண்டு என்ட மரியாதையையும் குறைச்சிட்டாய், என்ன?”

அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை நெல்லுக் கடைத் தராசின்மேல் மூடைகள் ஏறிக் கிடந்தன. மீராமுகைதீன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான் ஒராள் கையெடுத்தா சஹனே நிண்டு போகும் எண்டு எனக்கு ஞாபகமே வரல்ல, தம்பி. ஒரு வருஷம் தனிக் கோப்பையில திண்டு திண்டு, பக்கத்துல ஆள் இரிக்கிறதே மறந்து பெய்த்து.” இதைச் சொல்லும்போது கையிலிருந்த ஸ்பொஞ்சை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கப் பல தடவை வீட்டுக்குப் போயிருக்கிறார். போகும்போதெல்லாம் மீராமுகைதீன் வட்டைக்குப் போய்விட்டார் என்று பதில் வரும். மோட்டார் சைக்கிள் மட்டும் முற்றத்தில் நிற்கும்.

மருந்துக் கடையில் நிறுத்துப் பார்க்கலாமே என்றேன். “அது சும்மா நம்பரைக் காட்டும். கூடினா ஏசவும் ஆளில்ல, குறைஞ்சா கத்தவும் ஆளில்ல” என்றார். உண்மையில் கொஞ்சம் கூடித்தான் விட்டது. கவலையில் தின்றிருப்பார் என்பது பஸ்லியாவின் கணிப்பு. பிறகு பயந்து போய் மறுபடி குரக்கன் பிட்டுக்குத் திரும்பப் பார்த்தார். பஸ்லியா அந்தச் சின்னக் கோப்பையை எங்கேயோ ஒளித்துவிட்டார். நல்ல காரியம் செய்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கோப்பை காணாமல் போன நாளிலிருந்து வீட்டில் ஒரு விசித்திரமான பயிற்சி நடக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பெரிய தட்டம் ஒன்றை நடுவில் வைத்து, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு முத்தலிப் தரையில் உட்காருகிறார். அளவு முடிந்த பிறகும் கையை எடுக்காமல் இருப்பதுதான் பயிற்சி. சின்னச் சின்ன வாய். சோற்றை விரலால் பரப்புவது, ஒதுக்குவது, மறுபடி பரப்புவது. இடையில் ஏதாவது கதை. பேசிக்கொண்டிருந்தால் கை சும்மா நிற்பது ஆட்களுக்குத் தெரியாதாம். இயல்பில் வாய் திறக்காத மனிதர், இதற்காக ஆட்டோக்காரர்களிடம் கதை சேகரிக்கிறார்.

“ஒரு வருஷம் இவருக்குப் புறிம்பாச் சமைச்சன்” என்றார் பஸ்லியா. “இப்ப என்னெண்டா எங்கட சோத்துக்குள்ள விரலை உட்டுக்கிட்டுப் பொத்துவில் ஆட்டோக்காரன்ட கதை சொல்லுறார். எது நல்லம் எண்டு எனக்கே விளங்கல்ல.”

போன ஞாயிற்றுக்கிழமை ஒலுவிலில் ஒரு கலியாணம். நானும் முத்தலிபும் ஒரே சஹனில் உட்கார்ந்தோம். ஐந்து பேர்தான் சேர்ந்திருந்தோம். ஆறாவது ஆள் வராமல் சாப்பாடு வராது. பரிமாறுகிறவர் வாசலைப் பார்த்து, “இஞ்ச ஒராள் குறையுது!” என்று கத்தி, அப்போதுதான் உள்ளே வந்த ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து முத்தலிபுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். மீராமுகைதீன். எழும்பிப் போனால் வீட்டுக்காரருக்கு மரியாதைக் குறைவு. அது என்னவென்று அவரைவிட யாருக்குத் தெரியும்? உட்கார்ந்துவிட்டார். ஸலாம் சொன்னார், பொதுவாக, எல்லோருக்கும்.

சஹன் வந்தது. பிஸ்மி சொல்லித் தொடங்கினோம். முத்தலிப் சேகரித்து வைத்திருந்த கதைகளில் ஒன்றுகூட அன்று வெளியே வரவில்லை. தலையைக் குனிந்து தின்றார். அவருடைய அளவு முடிந்தது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் விரல்கள் சோற்றைப் பரப்பவும் ஒதுக்கவும் தொடங்கிவிட்டன. கையை மட்டும் எடுக்கவில்லை. எனக்குத் தின்ன மனமில்லாமல் போனது. அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீராமுகைதீனும் அவற்றைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவருடைய பக்கம் எப்போதோ வெறுமையாகிவிட்டது. முத்தலிபின் பக்கத்தில் இறைச்சி அப்படியே கிடந்தது. சஹனில் அவரவர் முன்னால் உள்ளதைத்தான் தொட வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போனால் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அடி விழும். வயலில் நின்று கறுத்த அந்தக் கை கொஞ்ச நேரம் தட்டத்தின் விளிம்பில் இருந்தது. பிறகு முத்தலிபின் பக்கத்துச் சோற்றுக்குள் நேரே போய், இருந்ததிலேயே பெரிய இறைச்சித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. முத்தலிப் நிமிரவில்லை. மீதி இறைச்சியையும் சோற்றையும் விரல்களால் மெல்லக் கூட்டி மீராமுகைதீனின் பக்கம் ஒதுக்கிவிட்டார்.