கடைசி எட்டு வரிகள்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளை ஆண்டுதோறும் வெளியிடும் மலரில் உள்ள வாழ்த்துரைகளைப் பதினான்கு ஆண்டுகள் நான்தான் எழுதினேன். தலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர் என்று ஒன்பது பேருக்கு ஒன்பது உரைகள். ஒவ்வொன்றின் கீழும் அவரவர் படமும் கையொப்பமும் இருக்கும். என் பெயர் எங்கும் இராது. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியையாக இருந்தவள் என்பதால் இந்த வேலை என்னிடம் வந்தது. வந்தது அப்படியே தங்கிவிட்டது. ஒருவர் உரை போல மற்றவருடையது இருக்கக் கூடாது என்று சில ஒழுங்குகளும் வைத்திருந்தேன். 'பேருவகை' தலைவருக்கு மட்டும். செயலாளருக்கு 'மட்டற்ற மகிழ்ச்சி'. பொருளாளருக்கு மகிழ்ச்சி கிடையாது, நன்றி மட்டும்.

சென்ற ஆண்டு முதல் முறையாக என் பெயரில் ஒன்று கொடுத்தேன். ஒரு மொழிபெயர்ப்புக் கதை.

மூலக்கதையை எழுதியவர் நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஓர் அமெரிக்கப் பெண். குட்மேய்ஸில் என் வீட்டுக்குப் பக்கத்து நூலகம் கழித்துவிட்ட புத்தகங்களை வாசலில் ஒரு மேசையில் வைத்து விற்கும். அங்கேதான் அவருடைய தொகுப்பு கிடைத்தது. பின்னட்டையில் தேநீர்க் கறை. முன்னுரையில் அவர் வாழ்க்கை பன்னிரண்டு பக்கங்களில் இருந்தது. சிறிய ஊர் ஒன்றில் பிறந்தவர். இருபது வயதில் திருமணம். முதல் கதைகள் பெயரில்லாமல் வந்தன. அடுத்தவை 'திருமதி' என்ற சொல்லுக்குப் பின்னால் கணவர் பெயருடன் வந்தன. கணவரை விட்டு, இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியேறிய பிறகுதான் தன் பெயரைப் போட்டார். அன்றுமுதல் சஞ்சிகைகளுக்கு எழுதியே மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அவருடைய கதைகளில் வரும் பெண்கள் பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். அடுப்படியில், தையல் அறையில், வேதக் கோவிலில் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். ஒரு நாள் அந்த வேலையைச் செய்யாமல் விடுவார்கள். கதை அவ்வளவுதான்.

நான் தெரிந்தெடுத்த கதையில் ஒரு போதகரின் மனைவி வருகிறாள். பதினெட்டு ஆண்டுகளாகக் கணவனின் பிரசங்கங்களை எழுதிக் கொடுப்பவள். ஊர் அவனை நாவலன் என்று கொண்டாடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தாள்களை மடித்துக் கொடுக்கிறாள். மேடையில் அவன் பிரித்துப் பார்க்கிறான். எல்லாம் வெற்றுத் தாள். கடைசி எட்டு வரிகளில் அவள் முன்வரிசையில் இருக்கிறாள். அவன் அவளைப் பார்க்கிறான். அவள் தலையைக் குனியவில்லை. கோவிலில் யாரோ இருமுகிறார்கள். அத்துடன் முடிகிறது.

ஏன் இந்தக் கதையைத் தெரிந்தெடுத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் கேட்டது வேறு. தொலைபேசியில் எடுத்தார்.

"தங்கச்சி, உங்கட கதை வந்தது. எழுத்தாளர் அறிமுகம் ஒண்டு போட வேணும். அவவின்ர படம் இருக்கோ? பிறந்த ஊர் என்ன?"

"அமெரிக்கா, அண்ணை."

"அது விளங்குது. கலியாணம் முடிச்சவவோ? திருமதி எண்டு அவரின்ர பேரைப் போட வேணுமெல்லே."

"அவ அவரை விட்டிட்டு வந்திட்டா."

"அப்ப செல்வி எண்டு போடுவமோ?"

"செத்து நூறு வருசத்துக்கு மேல அண்ணை."

"அட, முதலே சொல்லியிருக்கலாமே. அமரர் எண்டு போடுவம். பிரச்சினையில்லை." அவர் குரலில் நிம்மதி தெரிந்தது.

பிரச்சினை இரண்டு வாரம் கழித்து வந்தது. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க அனுப்பிய பிரதியில் என் கதையின் முடிவு வேறாக இருந்தது. போதகரின் மனைவி எழுந்து வருகிறாள், கைப்பையிலிருந்து உண்மையான பிரசங்கத்தை எடுத்துக் கொடுக்கிறாள். 'என் மனைவி என் ஞாபகசக்தியைச் சோதித்துப் பார்த்தாள்' என்று அவன் சபைக்குச் சொல்கிறான். சபை சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள். அதன்கீழ் மொழிபெயர்ப்பு என்று போட்டு என் பெயர்.

அந்த ஞாயிறு மோர்டனுக்குப் போனேன். குட்மேய்ஸிலிருந்து மோர்டன் என்றால் லண்டனின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலை. நோர்தன் லைனின் கடைசி நிலையம் வரை அந்தப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தலைவர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் தலைவரும் செயலாளரும் இருந்தார்கள். செயலாளர் பத்து வயதில் இங்கே வந்தவர், வங்கியில் கணினி வேலை. தலைவரின் மனைவி ஆஸ்பத்திரி ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். சீருடைகூட மாற்றவில்லை. மேசையின் ஓரத்தில் இருந்து தேநீர் குடித்தார்.

"யார் முடிவை மாத்தினது?" என்றேன்.

"அக்கா, நீங்கள் கோவிக்கக் கூடாது," என்றார் செயலாளர். மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "இன்டர்நெட்டில ஒரிஜினல் இருக்கு. அந்தக் காலத்துச் சஞ்சிகை. இதில அவ பேப்பரைக் குடுக்கிறா. நாங்கள் ஒண்டும் மாத்தேல்லை. நீங்கள்தான் மாத்திப்போட்டியள்."

திரையில் பழுப்பு நிறப் பக்கம். அவர் சொன்னது சரி. அந்த முடிவு அப்படியே அங்கே இருந்தது.

"பாருங்கோ," என்றார் தலைவர். "அவவே சமாதானமாத்தான் முடிச்சிருக்கிறா. குடும்பங்கள் வாசிக்கிற மலர், தங்கச்சி. சின்னப் பிள்ளையளும் வாசிக்கும்."

"சின்னப் பிள்ளையளில இஞ்ச ஆருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்?" என்று கேட்டார் மனைவி. தலைவர் காதில் விழாதவர் போல இருந்தார்.

நான் கையோடு கொண்டு வந்திருந்த புத்தகத்தைப் பிரித்தேன். முன்னுரையின் ஒன்பதாம் பக்கத்தில் விவரம் இருந்தது. சஞ்சிகை ஆசிரியர் எட்டு வரிகளையும் நீக்கி வேறு முடிவு கேட்டார். எழுதிய பெண்ணுக்கு வீட்டு வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்துப் புத்தகமாக வந்தபோது அந்த முடிவைத் தூக்கி எறிந்துவிட்டு முதலில் எழுதிய எட்டு வரிகளைத் திரும்ப வைத்தார். செயலாளர் வாசித்தார். ஆள் நேர்மையானவர். "அப்ப ரெண்டும் அவதான் எழுதினது," என்றார்.

"ஓம். ஒண்டு ஆசிரியர் கேட்டு எழுதினது. ஒண்டு கேளாமல் எழுதினது."

"எங்களுக்குக் கேட்டு எழுதினது போதும்," என்றார் தலைவர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெட்டுவது என் தொழிலாக இருந்தது. பத்திரிகையில் இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவோம். செய்திக்கு அது பொருந்தும், முக்கியமானது மேலே இருக்கும். கதைக்குப் பொருந்தாது. அது தெரிந்தே ஒருமுறை வெட்டினேன். ஒரு பாடசாலை ஆசிரியை பெண்கள் பக்கத்துக்கு அனுப்பிய கதை. பிரிந்த கணவன் வந்து கூப்பிட, நாயகி போக மறுப்பாள். பக்கத்துக்குப் பொறுப்பானவர் அந்தக் கடைசிப் பகுதியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் தந்தார். கதை அவன் கூப்பிடுவதோடு முடிந்தது. அடுத்த வாரம் அந்த ஆசிரியை பஸ் பிடித்துக் காரியாலயத்துக்கு வந்தார். கையில் பத்திரிகை. "இதை ஆர் வெட்டினது?" என்று கேட்டார். பொறுப்பாளர் உட்காரும் கதிரை வெறுமையாக இருந்தது, அதைக் காட்டினேன். அவர் அந்தக் கதிரையைப் பார்த்தார், என் மேசையிலிருந்த கத்தரிக்கோலையும் பார்த்தார். போய்விட்டார். பிறகு அவரிடமிருந்து கதை எதுவும் வரவில்லை.

மோர்டனில் எனக்கு முன்னால் கதிரை எதுவும் வெறுமையாக இருக்கவில்லை.

"அண்ணை, எட்டு வரியோட போடுங்கோ. இல்லாட்டிக் கதையை எடுத்துவிடுங்கோ. என்ர பேரில இந்த முடிவு வராது."

"பிறகு யோசிப்பம். வாழ்த்துரையள் எப்ப தருவியள்? வெள்ளிக்கிழமை அச்சகம் கேக்குது."

"அது இனி உங்கட வேலை. ஒன்பது பேரும் ஆளுக்கு ஒண்டு எழுதுங்கோ."

தலைவர் சிரித்தார். பகிடி என்றுதான் முதலில் நினைத்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "தங்கச்சி, ஒரு கதைக்காகச் சங்கத்தின்ர மானத்தை வாங்கப்போறியளோ?"

"நீங்கள் எழுதினா ஏன் அண்ணை மானம் போகும்?"

செயலாளர் மடிக்கணினியை மூடினார். தலைவரின் மனைவி அந்தப் பிரதியைத் தன் பக்கம் இழுத்து வாசிக்கத் தொடங்கினார். நான் புறப்படும்போது புத்தகத்தையும் கேட்டார். கொடுத்தேன். வாசல்வரை ஒருவரும் வரவில்லை.

பிறகு வந்தவை தொலைபேசி அழைப்புகள். போஷகர் எடுத்து, பெண்களுக்கு இவ்வளவு பிடிவாதம் கூடாது என்றார். சரி, உங்கள் உரையில் இதையே எழுதுங்கள் என்றேன். பொருளாளர் மட்டும் மரியாதையாகக் கேட்டார்: "அக்கா, வழக்கமா நான் என்ன சொல்லுறனான்?"

வியாழக்கிழமை தலைவரின் மனைவி எடுத்தார்.

"அக்கா, இந்தாள் மூண்டு நாளாப் பேனையோட இருக்குது. நேற்று என்னட்டக் கேட்டார், நீ ஒண்டு எழுதித் தா எண்டு. ஏலாது எண்டிட்டன்."

"ஏன்?"

"கதையை வாசிச்சுப்போட்டு எப்பிடி எழுதிக் குடுக்கிறது? இன்னொண்டும் சொன்னன். கதையில வெட்டு விழுந்தா இந்த முறை விளக்கை நீங்கள் தனியக் கொளுத்துங்கோ, நான் நைட் ஷிப்ட் எடுக்கிறன் எண்டன்."

அதன் கனம் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். மலர் வெளியிடும் விழாவின் அழைப்பிதழில் முதல் வரி ஆண்டாண்டாக ஒன்றுதான்: மங்கல விளக்கேற்றல், தலைவர் தம்பதியர். அழைப்பிதழ் அச்சாகி வீடுகளுக்குப் போய்விட்டது. விளக்கின் முன் தலைவர் தனியே நின்றால் மண்டபம் முழுக்க ஒரு மாதத்துக்குக் காரணம் தேடும்.

விழா வெம்பிளியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. தலைவரும் மனைவியும் சேர்ந்து விளக்கேற்றினார்கள். மனைவியின் கைப்பையில் நான் கொடுத்த நூலகப் புத்தகம் இருந்தது, மூலை வெளியே தெரிந்தது. மலரில் ஒன்பதுக்குப் பதில் நான்கு வாழ்த்துரைகளே வந்திருந்தன. மற்ற இடங்களில் புடவைக்கடை, நகைக்கடை, காணி வழக்கறிஞர் விளம்பரங்கள். தலைவர் தானே எழுதிய உரை ஐந்து வரி. அதில் பேருவகை இல்லை. மழையோ வெயிலோ, வருகிற எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று முடிந்திருந்தது.

தேநீர் இடைவேளையில் மலரைக் கையில் தந்தவர் தலைவர்தான். முகம் இறுகியிருந்தது.

"எட்டு வரியும் கிடக்கு. நம்பிக்கையில்லாட்டி எண்ணிப் பாருங்கோ."

அவர் அதை ஒரு குத்தலாகத்தான் சொன்னார். நான் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் நின்றே விரலை வைத்து எண்ணினேன். தமிழில் அவை பதினொரு வரிகளாகியிருந்தன. பின்னால் வடை வாங்க வரிசை நீண்டது. அவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். கடைசி வரியில் கோவிலில் யாரோ இருமினார்கள். எழுத்தாளர் பெயரைப் பார்த்தேன். அமரர் என்று இருந்தது, பக்கத்தில் கணவர் பெயர் இல்லை.

"சரியா இருக்கு, அண்ணை," என்றேன்.