இரவல் எச்சில்

அந்தப் பள்ளியில் அவளுக்கு ஒரே பெயர்தான்: எச்சில் அக்கா. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர், பட்டத்தில் அச்சடித்த பெயர் எல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும். வாட்ச்மேன்கூட எச்சில் அக்கா வந்தாச்சு என்றுதான் உள்ளே போன் செய்வார். முதலில் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போகப்போக, அலுவலகத்துக்குப் போன் செய்யும்போது அவளே அப்படிச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

வேலையும் அதுதான். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வருவாள். பிள்ளைகளைக் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை உட்காரவைப்பாள். தலையைக் குனிந்து, வாயில் ஊறுவதை ஒரு சின்னக் குழாய் வழியாகக் குப்பிக்குள் வடியவிட வேண்டும். எச்சிலில் கார்டிசால் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. மனசு பதறினால் அது ஏறும். மற்றபடி காலையில் கூடுதலாக இருந்து, பொழுது ஏற ஏறக் குறையும். வகுப்பில் யார் யாரோடு சேர்கிறார்கள், யாரை ஒதுக்குகிறார்கள் என்பது பிள்ளையின் உடம்புக்குள் வரை போகிறதா என்று ஆய்வை நடத்தும் பேராசிரியருக்குத் தெரிய வேண்டும். எச்சில் அக்காவைக் கேட்டிருந்தால் குப்பியே இல்லாமல் சொல்லியிருப்பாள். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. அவள் பார்க்கலாம், குப்பியை மூடலாம், மூக்கை மட்டும் நுழைக்கக் கூடாது.

வீட்டுக்காரருக்கோ விண்வெளி மையத்தில் உத்தியோகம். வேறொரு கிரகத்தில் ஓடும் ஆளில்லாத வண்டிக்கு இங்கிருந்தபடியே உத்தரவு போடுவார். இன்று சொன்னால் நாளைக்கு நகரும். வீட்டில் ஒழுகும் குழாயைச் சரிபார்க்கவும் அவருக்கு அதே வேகம்தான் என்பது அவளுடைய அபிப்பிராயம். அந்த வண்டியும் மண்ணை அள்ளிக் குப்பியில் போட்டு மூடுகிறது. ஆக, இரண்டு பேருக்கும் ஒரே பிழைப்பு, ஒரே பயம்: குப்பிக்குள் வேறு எதுவும் கலந்துவிடக் கூடாது. அவர் பெருமையடிக்கும்போதெல்லாம், தன்னுடைய குப்பி குறைந்தபட்சம் ஊர் வந்து சேர்கிறதே என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிடுவாள்.

எச்சில் எடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் பிள்ளைகள் எதுவும் சாப்பிடக் கூடாது. அந்த நேரத்தில் அவர்களைக் கட்டிப்போட அவளிடம் இருந்த ஒரே சரக்கு இந்த வண்டிக் கதைதான். சக்கரம் மணலில் சிக்கியது, தூசி படிந்து கண் மங்கியது என்று அளந்துகொண்டிருப்பாள். ஒருநாள் கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்த வண்டிக்கு அங்க யாரு இருக்கா அக்கா?"

கேட்டவள் வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்த பெண். வந்து எத்தனையோ மாதமாகியும் வகுப்பில் அவள் பெயர் 'புதுசு'தான். விளையாட்டில் அணி பிரித்தால் மிச்சம் நிற்பவள், மதியச் சாப்பாட்டை ஓரத்து பெஞ்சில் தனியாக முடிப்பவள். அவள் அந்த அறையில் வாயைத் திறந்ததே அன்றைக்குத்தான். யாரும் இல்லை, யாராவது இருக்கிறார்களா என்று தேடத்தான் போயிருக்கிறது என்றாள் எச்சில் அக்கா. புதுசு தலையாட்டிவிட்டுக் குப்பியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அந்தக் குப்பியில்தான் வில்லங்கம். பதற்றத்தில் அவளுக்கு வாய் உலர்ந்துவிடும். எவ்வளவு முயன்றும் ஒரு சொட்டு விழவில்லை. தொடர்ந்து மூன்று முறை காலிக் குப்பி வந்தால் அந்தப் பிள்ளையை ஆய்விலிருந்து எடுத்துவிடுவது விதி. இரண்டு முறை ஆகிவிட்டது. கொஞ்சம் பொறுக்கலாமே என்று எச்சில் அக்கா கெஞ்சியதற்கு, பேராசிரியர் விதியை இன்னொரு முறை நிதானமாகப் படித்துக் காட்டினார். விஷயம் எப்படியோ புதுசின் காதுக்கும் போயிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்று இடம் பிடித்துவைத்திருந்தது அந்த நம்பர் ஒட்டிய குப்பி மட்டும்தான். போகும்போது அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் நம்பரை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க அக்கா."

மறுநாள் எச்சில் அக்கா அவளைத் தண்ணீர் குடிக்கவைத்தாள், எலுமிச்சம்பழத்தைப் படமாக வரைந்து காட்டினாள். வரைந்தவளுக்கே நாக்கு ஊறியதுதான் மிச்சம். மற்றவர்கள் பார்க்கிறார்கள், புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் முயற்சி செய்கிறேன் என்று புதுசு கேட்டாள். போகவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அறை ரொம்ப அமைதியாக இருப்பது உறைத்தது. அந்த வகுப்பில் வாயாடி என்று ஒருத்தி உண்டு. தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்று அவள் அம்மாவே புகார் சொன்ன பெண். அவள் சத்தம் கேட்கவில்லை என்றால் எங்கேயோ ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். எச்சில் அக்கா பூனைநடை போட்டு அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். புதுசு தன் குப்பியைப் பிடித்துக்கொண்டிருக்க, வாயாடி கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் தாராளமாக எச்சில் விட்டுக்கொண்டிருந்தாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டதில் புதுசு முகத்தில் ஈயாடவில்லை. வாயாடிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

"இவளுக்கு வரவே மாட்டேங்குது அக்கா. எனக்குத்தான் நிறைய இருக்கே. வாயை மூடு, வாயை மூடுன்னு டீச்சர் தினமும் சொல்றாங்கல்ல, எல்லாம் உள்ளயே சேர்ந்துபோச்சு."

எச்சில் அக்கா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். இது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா என்று ஆரம்பித்தாள். அவ்வளவு தூரம் போன வண்டி அந்தக் கிரகத்து மண்ணை விட்டுவிட்டு, நம் வீட்டுக் கொல்லை மண்ணையே குப்பியில் அடைத்துக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். வாயாடி நிஜமாகவே யோசித்தாள்.

"எங்க வீட்டு மண்ணுன்னா உள்ள எங்க நாயோட எலும்பும் இருக்குமே அக்கா. அங்க நாய் இருந்துச்சுன்னு பேப்பர்ல போட்டுடுவாங்களா?"

புதுசு சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பொத்த முடியாமல் சிரித்தாள், கடைசியில் வாயாடியின் தோளில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்ததில் வாயோரம் மினுமினுவென்று எச்சில் வழிந்தது. எச்சில் அக்கா ஒரு புதுக் குப்பியை எடுத்து அந்தத் தாடைக்கு அடியில் நீட்டினாள். இரவல் எச்சில் குப்பைக்கூடைக்குப் போனது.

நடந்ததை ஒளிக்காமல் எழுதி அனுப்பினாள். மூக்கை நுழைத்தாய் என்று பேராசிரியர் பிடித்துக் காய்ச்சினார். சிரிக்கவைத்து எடுத்த எச்சில் கணக்கில் சேராது, ஆனாலும் குப்பி காலியில்லை, அதனால் பிள்ளை தொடரலாம் என்று அரைமனதாக ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம் புதுசுக்கு எச்சிலுக்குப் பஞ்சம் வரவில்லை. ஓரத்து பெஞ்சில் வாயாடி குடிவந்துவிட்டாள், அவளோடு அவள் பட்டாளமும். முதலில் வந்த குப்பிகளில் மதியமும் கார்டிசால் அளவு இறங்காமல் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, காலையில் ஏறி மதியம் இறங்கத் தொடங்கியது. அந்தப் பெண்ணை என்ன செய்தாய் என்று பேராசிரியர் கேட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணல சார். பக்கத்துல ஒருத்தி வந்து உக்காந்தா."

ஒரே ஒரு பிள்ளையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார் அவர். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அன்றைக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள்.

கடைசியாக எச்சில் எடுத்த நாளில் குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வாயாடி யாரையோ கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஓடப்போன புதுசு வாசலில் நின்று திரும்பினாள்.

"அக்கா, உங்க வீட்டு மாமாவோட வண்டிக்கு யாராவது கிடைச்சாங்களா?"

"இன்னும் இல்லம்மா."

புதுசு கொஞ்சம் யோசித்தாள். அந்த விஷயத்தில் அவளுக்கு அனுபவம் இருந்தது.

"விடாம தேடச் சொல்லுங்க அக்கா. கொஞ்ச நாள் ஆகும்."